நுரையீரலோடு நிற்காத நோய்

கொரோனா மூச்சு வழியாக வந்தது. இதயம், சிறுநீரகம், மூளை, எலும்பு என்று அது உடல் முழுக்க விட்டுப்போன தடங்களை நாம் துறைவாரியாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாக்பூரில் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், 2021-ல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையில் ஒரு மஞ்சள் துணிப்பையோடுதான் போவார். பைக்குள் நான்கு பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் இதய டாக்டர் எடுக்கச் சொன்ன ஈ.சி.ஜி., எக்கோ. இன்னொன்றில் சர்க்கரை டாக்டர் கேட்ட ரத்தப் பரிசோதனைகள். மூன்றாவதில் இடுப்பு எலும்பின் எக்ஸ்ரே. நான்காவதில் நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைச் சீட்டு.

அந்த வருடம் ஏப்ரலில், இரண்டாவது அலையின் உச்சத்தில், அவருக்குக் கொரோனா வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதில் ஆறு நாள் ஆக்சிஜன். படுக்கை கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்றிருந்த நேரம் அது. 'குணமடைந்தார்' என்று எழுதிய தாளோடு வீடு திரும்பியவருக்கு, அடுத்த சில மாதங்களில் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடத்தது. அதுவரை இல்லாத சர்க்கரை எட்டிப் பார்த்தது. உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு வலித்தது. இருபத்தைந்து வருடமாகக் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யாத மனிதர், ஒரு பக்கக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

நான்கு டாக்டர்களும் கெட்டிக்காரர்கள். ஒவ்வொருவரும் தன் உறுப்பை மட்டும் ஒழுங்காகப் பரிசோதித்தார்கள். 'பெரிதாக ஒன்றுமில்லை, வயசாகிறது, டென்ஷனைக் குறையுங்கள்' என்றார்கள். நவம்பரில் ஒரு நாள், வீட்டுக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் வயதான பொது மருத்துவர் ஒருவர் நான்கு உறைகளையும் மேஜை மேல் வரிசையாகப் பரப்பிவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது?" நான்குக்கும் ஒரே பதில்தான் இருந்தது.

மூக்கில் நுழைந்த வைரஸ் இடுப்பு வரைக்கும் எப்படிப் போகிறது? கொரோனாவை நாம் எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பது இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

2019-ன் இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் காரணம் தெரியாத நிமோனியாவாகத்தான் இது அறிமுகமாயிற்று. 2020 ஜனவரி 30-ல் கேரளத்தின் திருச்சூரில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோதும் எல்லோருடைய கவனமும் நுரையீரலில்தான் இருந்தது. வைரசுக்கு வைத்த பெயரிலேயே 'கடுமையான மூச்சு நோய்' என்ற பொருள் இருக்கிறது. வெண்டிலேட்டர் எத்தனை இருக்கிறது என்பதுதான் நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையாகப் பேசப்பட்டது.

ஆனால் வைரஸ் நுரையீரலைத் தேடி வருவதில்லை. அது தேடுவது ஒரு கதவை. மனித உயிரணுக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் ஏ.சி.இ.-2 என்றொரு புரதம் இருக்கிறது. இது கண்டுபிடிக்கப்பட்டது 2000-ல். ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளை உடைத்து ரத்த அழுத்தத்தை மட்டுப்படுத்துவது இதன் வேலைகளில் ஒன்று. 2003-ல் பரவிய சார்ஸ் வைரஸ் இந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. கொரோனாவும் அதே கதவைத்தான் தட்டுகிறது. அதன் உடலெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள் அந்தக் கதவுக்குப் பொருந்தும் சாவிகள்.

சிக்கல் என்னவென்றால் இந்தக் கதவு மூக்கிலும் நுரையீரலிலும் மட்டும் இல்லை. இதயத்தில் இருக்கிறது. ரத்தக் குழாய்களில் இருக்கிறது. சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் நுரையீரலில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. காற்று வழியாக வருகிற வைரஸ் முதலில் மூக்கையும் நுரையீரலையும் தொடுகிறது, அவ்வளவுதான். அங்கேயே தடுத்து நிறுத்தப்பட்டால் ஜலதோஷம், காய்ச்சலோடு போயிற்று. பெரும்பாலானவர்களுக்கு நடந்தது அதுதான். தாண்டிப் போனால் கதை வேறு.

உறுப்புகள் கெடுவதற்கு வைரஸ் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்றும் இல்லை. ஐந்து வழிகள் இருக்கின்றன. வைரசே உயிரணுவில் புகுந்து கெடுப்பது முதல் வழி. அதை விரட்டக் கிளம்பிய நம் உடலின் எதிர்ப்புப் படை வரம்பு மீறிப்போய்ச் சொந்த ஊரையே கொளுத்துவது இரண்டாவது. ரத்தம் உறைந்து சிறு குழாய்களை அடைப்பது மூன்றாவது. நுரையீரல் சரியாக வேலை செய்யாததால் மற்ற உறுப்புகள் ஆக்சிஜன் இல்லாமல் தவிப்பது நான்காவது. உயிரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே பின்னால் வேறோர் இடத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்வது ஐந்தாவது. நம் நாட்டில் இந்த ஐந்தாவது வழி ஒரு தனி அத்தியாயமே எழுதிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஐந்தும் சந்திக்கும் இடம் ரத்தக் குழாய். நம் உடலிலுள்ள எல்லா ரத்தக் குழாய்களின் உட்புறமும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் மெழுகப்பட்டிருக்கிறது. எண்டோதீலியம் என்று இதற்குப் பெயர். ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடவும், தேவையில்லாமல் உறையாமல் இருக்கவும், குழாய் விரிந்து சுருங்கவும் இந்த மெழுகல்தான் காரணம். இறந்த கொரோனா நோயாளிகளின் பல உறுப்புகளில் இந்த அடுக்கு வீங்கிச் சிதைந்திருப்பதை 2020 ஏப்ரலிலேயே ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகர மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மெழுகல் பெயர்ந்தால் ரத்தம் உறையத் தொடங்குகிறது. குழாய் இல்லாத உறுப்பு ஏது? ஆகவே எந்த உறுப்பும் தப்பும் என்று சொல்வதற்கில்லை.

நுரையீரலில் நடந்ததும் வெறும் நிமோனியா இல்லை. அதே வருடம் ஜெர்மனி, அமெரிக்க மருத்துவர்கள் கொரோனாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும், ஃப்ளூ காய்ச்சலில் இறந்தவர்களின் நுரையீரலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய குழாய்களில் ரத்தக் கட்டிகள் கொரோனா நோயாளிகளிடம் ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தன. காற்று வருகிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ள ரத்தம் வரவில்லை. பேசிக்கொண்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டும் இருந்தவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 80 காட்டிய விசித்திரத்தை அந்த நாட்களில் பல வீடுகள் பார்த்தன. மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் குறைந்துபோன அந்த நிலைக்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பிழைத்தவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், முதல் அலையில் நோய் வந்து தேறிய 207 பேரைப் பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயுவைக் கடத்தும் திறன் அவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. சாதாரணமாக ஊதச் சொல்லிப் பார்க்கும் பரிசோதனையில் இந்தக் குறை தெரியாமல் போகலாம். பலருக்கு நாளாக நாளாகச் சரியாகிவிடும். சிலருக்குத் தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இதயத்துக்கு வருவோம். மிகப் பெரிய கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் பதிவாகியிருந்த 1,53,760 கொரோனா நோயாளிகளை ஒரு வருட காலம் தொடர்ந்து பார்த்து, நோய் வராத லட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டார்கள். 2022 பிப்ரவரியில் வெளியான முடிவின்படி, நோய் வந்து போனவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 52 சதவீதமும், இதயம் பலவீனமடையும் வாய்ப்பு 72 சதவீதமும் அதிகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் படுத்துத் தேறியவர்களிடமும் சிறிய அளவில் இது தெரிந்தது.

சதவீதத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. அதே ஆய்வை வேறு விதமாகச் சொன்னால், நோய் வந்து போன ஆயிரம் பேரில் ஒரு வருடத்துக்குள் கூடுதலாக 45 பேருக்கு ஏதோ ஒரு இதய, ரத்தக் குழாய்ப் பிரச்சினை வந்தது. ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான வெள்ளைக்கார ஆண்கள். தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்தில் நோய் கண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். எனவே இதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஆயிரத்துக்கு 45 என்பது ஒரு கோடிக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால், அலட்சியப்படுத்தவும் முடியாது.

இங்கே நம் ஊர் வதந்தி ஒன்றையும் பேசியாக வேண்டும். நடனமாடிக்கொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுந்தார், ஜிம்மில் ஒருவர் மயங்கினார் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. 'எல்லாம் தடுப்பூசியால்தான்' என்று கூடவே ஒரு வரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதையே ஆராய்ந்தது. நாடெங்கும் 47 ஆஸ்பத்திரிகள் மூலமாக, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரை, அதே வயதும் அதே வட்டாரமும் கொண்ட 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். 2023-ல் வெளியான முடிவு வதந்திக்கு நேர் எதிர். தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை என்று தெரிந்தவற்றில் முக்கியமான ஒன்று, முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. குடும்பத்தில் திடீர் மரணங்கள், அளவில்லாத குடி, கடைசி இரண்டு நாளில் மிகக் கடுமையான உடற்பயிற்சி ஆகியவை மற்றவை. தடுப்பூசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தக் கட்டும் இதய வீக்கமும் வந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தராசின் மறுதட்டில் நோய் இருந்தது என்பதை மறந்துவிட்டு எடை போடுகிறோம்.

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் கொரோனா ஒரு வழியை மட்டும் நம்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களில் பலருக்குச் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோய் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அங்கேயும் ரத்தம் தன் குணத்தைக் காட்டிற்று. டயாலிசிஸ் எந்திரத்தின் வடிகட்டிகளிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதை உலகெங்கும் டாக்டர்கள் கண்டார்கள். கல்லீரலில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் ஏறி, பெரும்பாலும் தானே இறங்கிவிட்டன. குடலுக்குள் வைரஸ் புகுந்ததற்குச் சாட்சி வயிற்றுப்போக்கு மட்டுமல்ல. அகமதாபாத்தின் கழிவுநீரிலேயே 2020-ல் வைரசின் தடயம் பிடிபட்டது. குழந்தைகளில் சிலருக்கு, நோய் வந்ததே தெரியாமல் போய் இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, இதய வீக்கம் என்று ஒரே சமயத்தில் பல உறுப்புகள் தாக்கப்பட்டன. அரிதுதான். உடனே கவனித்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிட்டார்கள்.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காபியின் மணம் தெரியவில்லை, பெருங்காயம் போட்டதா இல்லையா என்று புரியவில்லை என்பதுதான் பலருக்கு நோயின் முதல் அறிகுறி. வாசனையை உணரும் நரம்பணுக்களை வைரஸ் கொன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்த நரம்பணுக்களில் ஏ.சி.இ.-2 கதவு இல்லை. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று ஊட்டம் கொடுக்கும் துணை உயிரணுக்களில்தான் இருக்கிறது என்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2020 ஜூலையில் காட்டினார்கள். அதாவது பாடகர் உயிரோடு இருக்கிறார், பக்கவாத்தியக்காரர்கள் வீழ்ந்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வாசனை திரும்பி வந்தது இதனால்தான் என்று கருதப்படுகிறது. திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டின் ருசி மட்டும் போகவில்லை. சமையல் காஸ் கசிந்தாலும் தெரியாது.

மூளையைப் பற்றிய தெளிவான சாட்சியம் பிரிட்டனிலிருந்து வந்தது. தொற்றுக்கு முன்பே ஒரு பெரிய ஆராய்ச்சிக்காக அங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூளை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்களில் 785 பேருக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு ஸ்கேனுக்கும் இடையில் கொரோனா வந்துபோன 401 பேருக்கு, வாசனையோடும் நினைவோடும் தொடர்புள்ள சில பகுதிகளில் மற்றவர்களைவிட 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதலாகச் சுருக்கம் தெரிந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வந்தது லேசான நோய்தான். இது புத்தி மங்கிவிட்டதற்கு அத்தாட்சி ஆகாது. 'மண்டைக்குள் பனி மூடிய மாதிரி இருக்கிறது' என்று சொன்னவர்களைப் பார்த்து 'மனப்பிரமை' என்று சிரித்தது தப்பு என்பதற்கு அத்தாட்சி ஆகும்.

இனி இந்தியாவின் தனி அத்தியாயம். 2020 ஜூனில் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு, டெக்சாமெதசோன் என்ற மலிவான, பழைய ஸ்டீராய்டு மாத்திரை உயிரைக் காப்பாற்றுகிறது என்று காட்டியது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. ஆய்வின் மூன்றாவது வாக்கியம் இது. நாம் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்தோம்.

2021-ன் இரண்டாவது அலையில், காய்ச்சல் வந்த முதல் நாளே வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு விழுங்கினார்கள். ஆறு மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் என்ற அளவெல்லாம் காற்றில் போயிற்று. ஸ்டீராய்டு வெறிகொண்ட எதிர்ப்புப் படையை அடக்குகிறது. வேண்டிய படையையும் சேர்த்தே அடக்குகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் அதில் நிறைய. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெயைக் கொண்டுபோய் வைத்த மாதிரி ஆயிற்று.

பிறகு வந்தது கறுப்புப் பூஞ்சை. மண்ணிலும் அழுகிய பொருட்களிலும் எப்போதும் இருக்கிற பூஞ்சைதான் அது. சாதாரண மனிதர்களை ஒன்றும் செய்யாது. சர்க்கரை ஏறிய ரத்தமும், அடக்கப்பட்ட எதிர்ப்புச் சக்தியும், புண்பட்ட மூக்கின் உட்புறமும் ஒரே இடத்தில் கிடைத்ததும் அது வேர் பிடித்தது. மூக்கிலிருந்து கன்னம், கண், மூளை என்று ஏறியது. உயிரைக் காப்பாற்றக் கண்ணையும் மேல்தாடையையும் எடுக்க வேண்டி வந்தது. ஆம்போடெரிசின் ஊசிக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். 2021 ஜூன் 28-ல் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி நாட்டில் 40,845 பேருக்கு இந்த நோய். 3,129 பேர் இறந்திருந்தார்கள். நோய் கண்டவர்களில் 64 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். வைரசைவிட அவசரம் அதிகம் கெடுத்தது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடைக்காது.

பூஞ்சை அடங்கியதும் எலும்பு பேச ஆரம்பித்தது. கொரோனாவிலிருந்து தேறிய, நாற்பது வயதுக்குட்பட்ட மூன்று பேருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்தம் இல்லாமல் செத்துப்போயிருந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஸ்டீராய்டால் இப்படி ஆகும் என்பது பழைய செய்திதான். வழக்கமாகச் சொல்லப்பட்ட அளவைவிட மிகக் குறைந்த ஸ்டீராய்டிலேயே, நோய் தெரிந்து சராசரியாக 58 நாட்களிலேயே, வலி தொடங்கிவிட்டது என்பதுதான் புதிய செய்தி. இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே சமாளிக்க வாய்ப்பு உண்டு. தாமதமானால் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும். தொடக்கத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 2020-க்குப் பிறகு வந்த ஒவ்வொரு வலிக்கும் கொரோனாமேல் பழி போட்டுவிடக் கூடாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 44 பேரின் உடல்களை முழுமையாகப் பரிசோதித்து 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதில் நல்ல பாடம். எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தேடினார்கள். மூளை உட்படப் பல இடங்களில் வைரசின் மரபுப் பொருள் கிடைத்தது. ஒருவரிடம் நோய் தொடங்கி 230 நாள் கழித்தும் இருந்தது. ஆனால் வைரஸ் இருந்த இடமெல்லாம் சேதம் இருக்கவில்லை. மூச்சு மண்டலத்துக்கு வெளியே வீக்கமும் அழிவும் குறைவாகவே இருந்தன. கால்தடம் இருப்பதாலேயே திருட்டு நடந்தது என்று ஆகாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு, அடைபட்ட இதயக் குழாய் என்று வேறு காரணங்களை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்த இலக்கணமும் அதைத்தான் சொல்கிறது. பொதுவாக நோய் வந்து மூன்று மாதம் கழித்தும் தொல்லை இருக்க வேண்டும். இரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும். வேறு காரணத்தால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும்.

நோய் வந்த பின் வால் நீளும் என்பது நமக்குப் புதிதல்ல. 2006-ல் நாடெங்கும் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுகளை விடவில்லை. அப்போது அந்த வலியை எல்லோரும் நம்பினார்கள். நொண்டி நடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கொரோனாவின் மிச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டால் வீட்டிலும் ஆபீசிலும் 'வேலை செய்யச் சோம்பல்' என்கிறார்கள். சம்பளத்தோடு லீவு கிடைக்காத கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் யாரிடமும் சொல்வதுகூட இல்லை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ரத்த ஆய்வில், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணுக்கள் இருந்தன. ஒரு பகுதி தடுப்பூசியால். மிச்சம் பேரில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் சொற்பம். ஆக, கொரோனா வந்துபோன இந்தியர்களில் மிகப் பெரும்பாலோரிடம் அதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எந்த டாக்டர் எந்தத் தாளைப் பார்த்துத் தொடர்புபடுத்துவார்?

ஓமிக்ரானுக்குப் பிறகு நோய் மென்மையாகிவிட்டது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக்கொண்டது. தடுப்பூசியும் ஏற்கனவே வந்துபோன தொற்றும் சேர்ந்து நமக்கு ஒரு கவசம் கொடுத்திருக்கின்றன. ஆனாலும் வைரஸ் ஊரை விட்டுப் போகவில்லை. 2025 மே, ஜூனில்கூட எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்கியது. பயந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதில்லை. வந்தால் சில நாள் ஓய்வு எடுப்பதும், தேறிய கையோடு ஜிம்முக்கு ஓடாமல் இருப்பதும், சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும், டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டைத் தொடாமல் இருப்பதும் போதும்.

இன்னொன்றும் செய்யலாம். செலவில்லாதது. ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். கொரோனா எந்த மாதம் வந்தது அல்லது வந்ததாகச் சந்தேகம். ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கியது. ஸ்டீராய்டு என்ன பெயர், எத்தனை நாள். அதற்கு முன்பு சர்க்கரை இருந்ததா. பிறகு என்னென்ன தொல்லை, எந்தத் தேதியிலிருந்து. அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் இதோடு சேர்த்து வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதை நீட்டுங்கள். ஸ்பெஷலிஸ்டுகள் உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை மறுபடியும் ஒன்றாகச் சேர்க்கும் வேலை இப்போதைக்கு நோயாளியுடையதாகத்தான் இருக்கிறது.

நாக்பூர் டாக்டர் செய்ததும் அதுதான். நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளில் கோடு போட்டுத் தேதிகளை எழுதினார். "ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு எத்தனை நாள் போட்டார்கள்?" என்றார். நண்பருக்குத் தெரியவில்லை. வீட்டில் அலமாரியைக் குடைந்து டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவந்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில், அப்புறம் மூன்று வாரம் வீட்டில். அன்றைக்கே இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் எலும்புக்கு ரத்தம் குறைந்திருந்தது. ஆரம்பக் கட்டம்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அவர் தினமும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்த கால்கள் அவை.

மருந்தில் நின்றுவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஏற இப்போதும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார். துணிப்பை இன்னும் இருக்கிறது. உள்ளே இருக்கும் உறைகளுக்கு மேல், மடித்து வைத்த ஒரே ஒரு தாள்.